பட்டாளம் உண்டு, பெயர் இல்லை!

ஜப்பானிடம் போர் விமானம் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல் இருக்கிறது. ஆனால் அங்கே "பட்டாளம்" என்று ஒன்று கிடையாது. "தற்காப்புப் படை" என்றுதான் பெயர். 1954-ல் வைத்த பெயர்.

ஏன் இந்த வேடிக்கை?

அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 9-வது பிரிவுதான் காரணம். "இனிப் போர் இல்லை, படையும் இல்லை" என்பது அதன் சாரம். 1947-ல் அமுலுக்கு வந்தது.

அது ஜப்பான் அமெரிக்கர் பிடியில் இருந்த காலம். நகல் எழுதியதும் அமெரிக்கர்களே. ஆனாலும் ஹிரோஷிமா, நாகசாகியின் சாம்பலைப் பார்த்த ஜனங்கள் அதைச் சொந்தமாக்கிக் கொண்டார்கள். "சண்டைக்குப் போகாத நாடு" என்பதே அவர்களின் பெருமை ஆயிற்று. அணுகுண்டு செய்யமாட்டோம், வைத்திருக்கமாட்டோம், உள்ளே விடமாட்டோம் என்று 1967-ல் பிரதமர் சாட்டோ அறிவித்தார்.

பிறகு சீனா பலம் பெற்றது. வடகொரியா ஏவுகணை விட்டது. 2022-ல் ஜப்பான், ராணுவச் செலவை நாட்டின் பொருளாதாரத்தில் 100-க்கு 2 பங்காக உயர்த்த முடிவு செய்தது. பயந்தவன் கதவைப் பூட்டுவதில் தப்பு இல்லை.

தப்பு வேறு இடத்தில் நடந்தது. 2014-ல் மந்திரிசபை கூடி, 9-வது பிரிவுக்குப் புது அர்த்தம் சொன்னது. ஜப்பானின் உயிருக்கே ஆபத்து வரும் என்றால், நட்பு நாட்டுக்காகவும் சண்டை போடலாமாம்! 2015-ல் சட்டமும் வந்தது. பார்லிமெண்டு வாசலில் ஜனங்கள் திரண்டு கோஷம் போட்டார்கள். பலன் இல்லை.

அரசியல் சட்டத்தை மாற்ற ஜனங்களிடம் ஓட்டு கேட்கவேண்டும். அர்த்தத்தை மாற்ற மந்திரிகள் போதும்! பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பப்போகும் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

1947 முதல் அப்படி ஓர் ஓட்டெடுப்பு அங்கே ஒருமுறைகூட நடக்கவில்லை.