ஓர் அங்குலம்

மாற்றுத்திறனாளிகள் நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

என் அக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இப்போது வயது 63. ஐம்பது வருடம் காலிப்பர் மாட்டி, கட்டை ஊன்றி, மூன்று தெரு தள்ளியிருந்த தையல் கடைக்கு நடந்தே போய்வந்தவள். அன்று செத்துப்போன நரம்புகளின் வேலையையும் மிச்ச நரம்புகள்தான் இத்தனை காலம் இழுத்துப்போட்டுச் செய்தன, இப்போது அவையும் தளர்ந்துவிட்டன என்றார் டாக்டர். நன்றாக இருந்த வலது கையும் தோளுக்கு மேல் எழுவதில்லை.

பேட்டரி சக்கர நாற்காலி வாங்கினோம். அதன் அகலம் 25 அங்குலம், குளியலறை வாசல் 24. அந்த ஓர் அங்குலத்துக்காக அக்கா தினமும் வாசலில் நாற்காலியை நிறுத்திவிட்டு, ஈரத்தரையில் இறங்கிக் கையூன்றி நகர்ந்து போவாள். ஒருநாள் விடியற்காலை இறங்கும்போது விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட்டு, நிலையைப் பெயர்த்து வாசலை அகலமாக்கினோம். படியை இடித்துச் சரிவாக்கினோம். சுவரில் இரண்டு கைப்பிடி பதித்தோம். மொத்தமே மூன்று நாள் வேலை. நாற்காலிக்கு முன்பே இதைச் செய்யுங்கள் என்று சொல்ல எங்களுக்கு ஆளில்லை. இப்போது அவள் தானே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். இத்தனை வயதில் அந்தத் தாழ்ப்பாள் சத்தம் எங்கள் வீட்டுக்குப் புதிது.

நடுவில் ஜாய்ஸ்டிக் பழுதானது. சென்னைக்குக் கொண்டுவரச் சொன்னது விற்ற கம்பெனி. ஐம்பது கிலோ நாற்காலியை எப்படிக் கொண்டுபோவது? 19 நாள் கட்டிலிலேயே கிடந்தாள். கடைசியில் தெருமுனை டிவி மெக்கானிக்தான் ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தார்.

சென்னை ஐஐடியில் உருவான நியோஃப்ளை நாற்காலியை ஆளுக்கு அளவெடுத்தே செய்கிறார்கள். பெருமையாக இருக்கிறது. வீட்டு வாசலுக்கும் அளவெடுத்தால்தானே அது உள்ளே போகும்?

வயதைக் கருதி வீட்டிலேயே உதவி கிடைக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 5ஆம் பிரிவில் சொல்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கே அனுப்புகிறது. அவர் கையில் ஓர் இஞ்ச் டேப்பும் கொடுத்தனுப்புங்கள். வாசலையும் கழிப்பறையையும் அளந்து எழுதட்டும். அந்த மாற்றங்களுக்கான செலவை நாற்காலியின் விலையோடு சேர்த்தே ஒதுக்குங்கள். தாலுகாவுக்கு ஒரு மெக்கானிக்கைப் பழக்கி, உதிரி பாகங்களோடு வைத்திருங்கள்.

இந்தியாவில் போலியோ வைரஸ் இயற்கையாகப் பரவிய கடைசி பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. அதற்கு முன் அந்த நோய் கண்டவர்கள் இப்போது வீடுகளுக்குள் முதுமை அடைந்துகொண்டிருக்கிறார்கள் ஐயா. அவர்கள் விழுவதற்கு முன்னால் ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு தம்பி