தண்ணியில்லாத படகு

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போகிறவர்கள், ஏரியில் ஒரு ரவுண்டு படகு விட்டு, மிளகு ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நான் இந்த முறை கொஞ்சம் தள்ளி, மஞ்சக்குட்டையில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். சுற்றிலும் காபித் தோட்டம், சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி. வராந்தாவில் ஒரு ரோயிங் மெஷின்!

நண்பருக்கு 58 வயது. ரிட்டையர்மென்ட்டுக்குத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பரிசாம். காலையில் அரை மணி நேரம் வியர்க்க வியர்க்கத் துடுப்பு வலிக்கிறார். காபி கொண்டுவந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: ''ஏங்க சார், இது எந்த ஊருக்குப் போவுது?''

சிரித்துவிட்டேன். ஆனால், நண்பர் அடுத்துச் சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை. ''இது ஒண்ணு போதும்யா. காலு, முதுகு, கை எல்லாமே வேலை செய்யுது. வெயிட் தூக்கறதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்.''

போதாது சார். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மெஷினுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அருமையான பயிற்சி. ஓடுவதைப் போல முழங்காலில் இடி விழாது. உடற்பயிற்சியே செய்யாதவருக்கு முதல் சில மாதங்கள் கால், முதுகில் கொஞ்சம் பலமும் ஏறும். அதற்கப்புறம்தான் சிக்கல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு இருபது முதல் முப்பது தடவை இழுக்கிறார். அரை மணிக்கு அறுநூறுக்குக் குறையாது. ஒரு வேலையை 600 தடவை செய்ய முடிகிறது என்றால், அது கனமான வேலையே இல்லை என்றுதானே அர்த்தம்? தசை ஒரு சோம்பேறி குமாஸ்தா. 'இதுக்கு மேல முடியாது' என்கிற எல்லை வரை நெருக்கினால்தான் வளரும். எட்டோ பத்தோ தடவை தூக்குவதற்குள் மூச்சு முட்டுகிற எடை, அதையும் மாதா மாதம் கொஞ்சம் கூட்டுவது - பலம் ஏறும் வழி அதுதான்.

''பக்கத்துல லீவரை 10-ல வெச்சிருக்கேனே!'' என்றார் நண்பர். காற்றாடி வைத்த மெஷினில் அந்த லீவர் எடை கூட்டுவதில்லை. உள்ளே போகும் காற்றின் அளவைத்தான் மாற்றுகிறது. சைக்கிளில் கியர் மாதிரி.

இன்னொன்று, இந்த மெஷினில் கையால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. ரயிலில் பெட்டியை அப்பர் பெர்த்தில் ஏற்றுகிறீர்களே, அது தள்ளுகிற வேலை. நெஞ்சு, தோள், பின்னங்கை எல்லாம் அதற்கு வேண்டும். இந்தப் படகில் அவற்றுக்குப் பெரிய வேலை கிடையாது.

சந்தேகமிருந்தால் நிஜப் படகுக்காரர்களைப் பாருங்கள். சென்னையில் 1867-ல் தொடங்கிய போட் கிளப் அடையாற்றங்கரையில் இருக்கிறது. 2010 ஆசியப் போட்டியில் ராணுவ வீரர் பஜ்ரங்லால் தாக்கர் படகில் தங்கம் வாங்கினார். 2018-ல் நம் நால்வர் அணி வாங்கியது. உலகம் முழுக்க இந்த ரகப் போட்டியாளர்கள் துடுப்பு வலிப்பதோடு நிற்பதில்லை, பார்பெல்லும் தூக்குகிறார்கள். துடுப்பே போதும் என்றால் அவர்களுக்கு அது எதற்கு?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? என் அப்பாவால்தான். 76 வயதிலும் தினமும் வாக்கிங் போனவர். ஹார்ட் நன்றாக இருந்தது. ஒரு நாள் தரையில் உட்கார்ந்து பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. வலி இல்லை, அடி இல்லை. தொடையில் சக்தி இல்லை, அவ்வளவுதான். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம். அன்று அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவர் தரையில் உட்காரவே இல்லை.

அந்த வயதில் என்ன செய்ய முடியும் என்கிறீர்களா? 1990-ல் அமெரிக்காவில் டாக்டர் மரியா ஃபியாடரோன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதியோர் இல்லத்தில் தளர்ந்துபோயிருந்த, 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி. முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் முடிந்தது ஐம்பத்தெட்டில் முடியாதா?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதும் இதுதான். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி; அதோடு, குறைந்தது இரண்டு நாள் தசைக்குப் பலம் கூட்டும் பயிற்சி. 'அல்லது' இல்லை சார், 'அதோடு'!

பிறகு ஏன் நமக்கு எடை என்றாலே ஒரு கசப்பு? நான் உடைத்தே சொல்லிவிடுகிறேன். தூக்குவது கூலிக்காரர் வேலை என்று நமக்குள் ஊறிப்போய்விட்டது. துடுப்பு வலித்தால் ஸ்போர்ட்ஸ், மூட்டை தூக்கினால் கேவலம். வீட்டுப் பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். 'நீ தூக்காதேம்மா' என்று செல்லமாகச் சொல்லிச் சொல்லியே அவர்களைப் பலமில்லாமல் ஆக்கிவிட்டோம்.

அதற்காக, 'தோட்டத்து ஜனங்களைப் பாருங்க, உடம்பு உருக்கு மாதிரி' என்று நான் கதைவிட மாட்டேன். காபிப் பழ மூட்டையைத் தலையில் வைத்து மேட்டில் ஏறுவது பயிற்சி இல்லை, பிழைப்பு. ஓய்வும் சரியான சாப்பாடும் இல்லாத சுமை உடம்பைத் தேய்க்கும். அளவான எடை, ஒரு நாள் ஓய்வு, தட்டில் பருப்பு, முட்டை - இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பயிற்சி.

ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுலபமாகிவிட்டதா? இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். சுவரில் கை வைத்துத் தண்டால் எடுங்கள். முதுகுவலி, பிளட் பிரஷர் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். மற்ற நாளில் தாராளமாகப் படகு விடுங்கள்.

இத்தனையும் நண்பரிடம் சொன்னேன். ''பார்க்கலாம்யா'' என்றார். நான் கிளம்புகிற நேரம் காஸ் சிலிண்டர் வந்து வாசலில் இறங்கியது. காஸ் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோ வரும். சமையலறைக்குக் கொண்டுபோக நண்பர் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா?

படகு எந்த ஊருக்குப் போகுது என்று கேட்டாரே, அந்த அம்மாவை.

உங்கள் வீட்டில் யார் தூக்குகிறார்கள்?