செருப்பு போடாத காலுக்கு ஷூவுக்குள்ள வைத்தியம்

இடுப்பு மூட்டு மாத்தின பெறகு ஒரு கால் நீளமாயிடுச்சுன்னு போய்ச் சொன்னா, வர்ற பதில் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, "போகப்போகப் பழகிடும்." பழகலைன்னா, "ஷூவுக்குள்ள ஒரு கட்டை வெச்சுக்கங்க." எங்க பெரியம்மாவுக்கும் இதையேதான் சொல்லி அனுப்புனாங்க. 60 வருசமா வெறுங்கால்ல வரப்புமேல நடக்கறவங்க. ஷூவுக்கு எங்கைங்க போவாங்க?

வைத்தியமே தப்புங்கல. புது மூட்டு நழுவாம இருக்க தசை விறைப்பா நிக்கணும்னு சில சமயம் கொஞ்சம் நீளம் கூடத்தான் செய்யும். ஒரு சென்டிமீட்டருக்குள்ளன்னா பல பேருக்குத் தொந்தரவே இருக்காது. சில பேருக்கு எலும்பு நீளம் சரியாவே இருக்கும். வலிச்ச காலோட வருசக்கணக்கா கோணி நடந்ததுல தசை இறுகி, இடுப்பு சாஞ்சு, கால் நீண்ட மாதிரி தோணும். பயிற்சி பண்ணுனா சில மாசத்துல அது பெரும்பாலும் சரியாயிடும். அதுக்குள்ள அவசரப்பட்டு முழுசா கட்டை வெச்சா, சாஞ்ச இடுப்பு சாஞ்சபடியே நின்னுக்கும்.

இதைச் சொல்ல ரெண்டு நிமிசம் ஆகுமா? ஆபரேசனுக்கு முன்னாடியே சொல்லலாமில்ல? குடுத்தது ஒரு தாளு. அதுவும் இங்கிலீசுல.

அளக்கறதும் அப்படித்தான். படுக்க வெச்சு டேப் புடிச்சா மட்டும் பத்தாது. நிக்க வெச்சு, குட்டைக் காலுக்கு அடியில பலகைத் துண்டு ஒவ்வொண்ணா வெச்சு, இடுப்பு எங்க சமமாகுதுன்னு பாக்கணும். கட்டை போகவேண்டியதும் அந்தக் குட்டைக் காலுக்குத்தான். பெரும்பாலும் அது ஆபரேசன் பண்ணாத கால். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் ஆபரேசன் பண்ணுன காலுக்கே வெச்சுக்கிட்டு இன்னும் சாஞ்சு நடந்தாரு. எந்தக் காலுன்னு யாரும் சொல்லலையாம்.

ஷூவுக்குள்ள ஒரு சென்டிமீட்டருக்கு மேல வெச்சா குதிகால் வெளிய வந்துடும். அதுக்கு மேலன்னா அடிப்பாகத்துலதான் ஏத்தணும். பஸ் ஸ்டாண்டுல செருப்புத் தைக்கறவரு ரப்பர் சீட்டு ஒட்டி, பின்னால வாரும் வெச்சுக் குடுத்தாரு. கட்டுத்தரைக்கு ஒரு ஜோடி, வீட்டுக்குள்ள ஒரு ஜோடி. ஆஸ்பத்திரியில இத்தனை பேருல ஒருத்தருக்கும் இது தோணலை. ஏன்னா அவங்க மனசுல இருக்கற நோயாளி காலையில ஷூ மாட்டிக்கிட்டுக் கார்ல ஏறறவரு. சேத்துக்குள்ள எந்தக் கட்டைங்க நிக்கும்?

இன்னும் சிலரு, "மறுபடி ஆபரேசன் பண்ணிடுங்க"ன்னு சுலபமாச் சொல்றாங்க. நரம்பு இழுத்து வலி தாங்கலை, மூட்டு நழுவுதுன்னா சரி. மத்தபடி அது கடைசிப் பேச்சு. ஊர்ல இருந்து அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போற நீங்க டாக்டர்கிட்ட முதல்ல கேக்கவேண்டியது ஒண்ணுதான்: "இவங்க செருப்பே போடமாட்டாங்க, என்ன பண்ணட்டும்?"