பண்டார் தெங்காராவுக்கு ஒன்பது குழி

ஜொகூரில் கோல்ஃப் திடலுக்குப் பஞ்சமில்லை. செனாய் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பாம் ரிசோர்ட், இஸ்கண்டார் புத்ரியில் ஹொரைசன் ஹில்ஸ், பாசிர் கூடாங்கில் தஞ்சோங் புத்ரி, ஃபாரஸ்ட் சிட்டியில் ஜாக் நிக்லாஸ் வடிவமைத்த திடல், டெசாருவில் எர்னி எல்ஸ் பெயரில் 45 குழிகள் என்று வரிசை நீளும். சிங்கப்பூரில் எவரும் கட்டணம் செலுத்தி ஆடக்கூடிய ஒரே 18 குழித் திடலாக இருந்த மரினா பே 2024 ஜூன் 30-ஆம் தேதி மூடப்பட்ட பிறகு, ஜொகூர் திடல்களின் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. இவற்றில் சிலவற்றில் உறுப்பினர் அல்லாதவரும் ஆடலாம். ஆனால் அங்கே உள்ள கட்டணம் வார இறுதிக்கு வந்து போகும் வெளியூர்க்காரரை மனத்தில் வைத்துப் போட்டது. செம்பனைத் தோட்டத்திலும் ஆலையிலும் வேலை பார்ப்பவரின் பிள்ளையை மனத்தில் வைத்துப் போட்டதல்ல. கூலாய் மாவட்டத்தின் உட்பகுதியில், செம்பனை சூழ்ந்த பண்டார் தெங்காராவில், உள்ளூர் மக்களுக்கென்றே ஓர் ஒன்பது குழிப் பொதுத் திடல் அமைய வேண்டும் என்பது என் வாதம். கேட்டதும் இது ஆடம்பரமாகத் தோன்றும். உலகில் நடந்திருப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

அமெரிக்காவின் தென் மாநிலமான அலபாமா செல்வச் செழிப்புக்குப் பெயர் போன இடமல்ல. அங்கே ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் ஆகியோரின் ஓய்வூதிய நிதியை நிர்வகித்த டேவிட் பிரானர், அந்த நிதியைக் கொண்டே மாநிலம் நெடுக பொதுத் திடல்களை அமைக்கத் துணிந்தார். ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் என்ற முதுபெரும் வடிவமைப்பாளரின் பெயரைத் தாங்கிய அந்தத் திடல்கள் 1992-இல் திறக்கத் தொடங்கின. இன்று 11 இடங்களில் 26 திடல்கள், 468 குழிகள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆடிப் பார்க்க வேண்டிய பொதுத் திடல்களைப் பட்டியலிடுபவர் எவரும் இவற்றை விட்டுவிட்டுப் போக முடியாது. பர்மிங்ஹாம் நகரத்தை ஒட்டிய ஆக்ஸ்மூர் வேலி, எஃகு நிறுவனம் ஒன்றின் பழைய சுரங்க நிலத்தில் எழுந்தது. கிரீன்வில் போன்ற சிற்றூருக்கும் அந்த வரிசையில் ஒரு திடல் கிடைத்தது. அவர்கள் சுற்றுலாப் பயணிகளையும் மனத்தில் வைத்தே கட்டினார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. அந்த அளவும் நமக்கு வேண்டாம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. உறுப்பினர் சந்தா இல்லாத திடல் தரத்தில் தாழ்ந்திருக்க வேண்டியதில்லை, பெருநகரத்தில் மட்டும் இருக்க வேண்டியதில்லை, தொழில் ஓய்ந்த நிலத்தையும் அதற்குப் பயன்படுத்தலாம்.

பொதுத் திடல் என்பதற்கு இன்னொரு வலிமை உண்டு. எனக்கு அதுவே முதன்மையானது. அட்லாண்டா நகராட்சிக்குச் சொந்தமான பாபி ஜோன்ஸ் திடலில் 1951-இல் ஹோம்ஸ் என்ற கறுப்பினக் குடும்பத்தார் ஆடப் போனபோது திருப்பி அனுப்பப்பட்டார்கள். தகப்பனார் மருத்துவர், மகன் ஆல்ஃபிரட் ஹோம்ஸ் தேர்ந்த ஆட்டக்காரர். வழக்குத் தொடுத்தார்கள். கறுப்பினத்தவருக்கென்று தனி நாள் ஒதுக்கினால் போதும் என்றது கீழ் நீதிமன்றம். 1955 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஆல்ஃபிரட் ஹோம்ஸ் நகராட்சியின் வேறொரு திடலில் ஆடினார். அன்றைய சட்டப்படி ஒரு தனியார் கிளப் அவரை மறுத்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். வரி கட்டுகிறவனின் திடல் என்பதால்தான் உரிமை கேட்க ஒரு வாசல் இருந்தது. கிளப்பின் பெருந்தன்மையால் உள்ளே விடப்படுவதும், தன் ஊரின் திடல் என்று உள்ளே நுழைவதும் ஒன்றல்ல.

நம் தோட்டத் தமிழருக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டாம். துரைமார் காலத்தில் தோட்டக் கிளப்புகளில் கோல்ஃப் ஆடப்பட்டபோது புல் வெட்டியவர்களும் பையைச் சுமந்தவர்களும் யார் என்பது தெரிந்ததே. இருந்தும் திறமை அடங்கிக் கிடக்கவில்லை. எம்.ராமையா, வி.நெல்லன், பி.குணசேகரன் ஆகியோரை ஒதுக்கிவிட்டு மலேசியத் தொழில்முறை கோல்ஃபின் வரலாற்றை எழுத முடியாது. இந்தியாவில் இது இன்னும் தெளிவாகவே தெரிகிறது. 1991-இல் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை சுமக்கும் கேடியாக இருந்தவர். 2009-இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பாவும் கேடிதான். 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து வென்ற சௌராசியா, கொல்கத்தாவில் திடலைப் பராமரித்தவரின் மகன். புல்லுக்கு அருகில் வளர வாய்த்தவர்களுக்கு ஆட்டமும் வந்தது. அந்த அருகாமையை ஊழியத்தின் பக்கவிளைவாக விட்டுவிடாமல் உரிமையாகவே கொடுத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான் கேள்வி. மலேசிய மாநிலங்கள் மோதும் சுக்மா போட்டிகளில் கோல்ஃப் இருக்கிறது. ஒலிம்பிக்கிலும் 2016-இலிருந்து மறுபடி இருக்கிறது. தோட்டப் பகுதிப் பள்ளி மாணவருக்கு அதற்கான பாதையின் முதல் படியே இல்லை.

மறுப்புகளில் மிகக் கனமானது தண்ணீர் பற்றியது. பண்டார் தெங்காராவின் வட்டாரம் ஜொகூர் ஆற்றின் நீர்ப்பிடிப்போடு தொடர்புடையது. லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு இறங்கியதை மலேசியாவும் சிங்கப்பூரும் கவலையோடு பார்த்தன. 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் 2061 வரை நாளொன்றுக்கு அதிகபட்சம் 25 கோடி கேலன் எடுப்பதும் அதே ஆற்றிலிருந்துதான். ஜொகூர் மக்களும் அதையே நம்பியிருக்கிறார்கள். அங்கே உரமும் பூச்சிக்கொல்லியும் தெளிக்கும் திடலா என்று கேட்பவர் சரியாகவே கேட்கிறார். அதனால்தான் காட்டை அழித்து அமைக்கும் எந்தத் திட்டத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன். செம்பனை ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுநடவுக்கு வரும். அப்படி வெட்டப்படும் நிலம் ஏற்கெனவே ஆண்டாண்டாய் உரம் கண்ட நிலம். ஒன்பது குழிக்கு 24 ஹெக்டர் தாராளம். பெல்டா நிலத் திட்டக் குடியேறிகள் ஆறு பேரின் பங்கு நிலத்துக்கு அது ஏறக்குறைய சமம். அதில் நுணுக்கமான பராமரிப்பு தேவைப்படும் குழிப் பரப்புகள் ஒவ்வொன்றும் 500 சதுர மீட்டர் என்றால் மொத்தமே அரை ஹெக்டருக்குள் அடங்கும். மீதியில் நம் மழையிலேயே வளரும் அகன்ற இலைப் புல் போதும். டெசாருவின் பளபளப்பு தேவையில்லை. நீரோடைகளை ஒட்டி மரங்களும் புதர்களும் கொண்ட அகலமான பட்டை விடப்பட வேண்டும், அதில் எதையும் தெளிக்கக் கூடாது.

பிள்ளைகளுக்குக் காற்பந்துத் திடல் போதாதா, பொதுப்பணத்தைக் கோல்ஃபில் போடலாமா என்ற கேள்வியும் வரும். பொதுப்பணம் ஏற்கெனவே கோல்ஃபில் போயிருக்கிறது. டெசாரு கோஸ்ட்டை உருவாக்கியது அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா. தென்கிழக்கு ஜொகூரை மேம்படுத்துவதற்காக 1972-இல் அமைக்கப்பட்ட கெஜோராவின் வட்டாரம்தான் டெசாருவும் பண்டார் தெங்காராவும். கடற்கரையில் விருந்தினருக்கு 45 குழிகள் நியாயம் என்றால், உள்ளே வாழ்கிறவர்களுக்கு ஒன்பது எப்படி அநியாயமாகும்? காற்பந்தோடு இதற்குப் போட்டியும் இல்லை. காற்பந்து முப்பதோடு பெரும்பாலானவரை விட்டுவிடும். கோல்ஃபோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரையும் மூன்று நான்கு கிலோமீட்டர் நடக்க வைக்கும். புல் பராமரிப்பும் வெட்டும் இயந்திரப் பழுதுபார்ப்பும் கற்றுக்கொண்ட இளைஞருக்கு, மேலே சொன்ன அத்தனை திடல்களிலும் வேலை இருக்கிறது.

உலகின் மிகப் பழைய கோல்ஃப் தலங்களில் ஒன்றான ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸே 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு பொது அறக்கட்டளையிடம் இருக்கிறது. அங்குள்ள ‘ஓல்ட் கோர்ஸ்’ என்ற பழைய திடலில் ஞாயிறுகளில் வழக்கமாக ஆட்டம் இல்லை. ஊர் மக்கள் நாயோடும் பிள்ளையோடும் நடந்து போகிறார்கள். பண்டார் தெங்காராவிலும் வாரத்தில் ஒரு நாள் அப்படித் திறந்திருக்கட்டும். உள்ளூர்வாசிக்கு ஒரு சினிமா டிக்கெட்டுக்கு மேற்படாத கட்டணம், பள்ளி மாணவருக்கு இலவசம், மட்டைகள் திடலிலேயே இரவல், உடைக் கட்டுப்பாடு கிடையாது. கட்டணத்தில் பராமரிப்புச் செலவு முழுதும் திரும்பி வராது. நூலகத்திலும் நீச்சல் குளத்திலும் வருவதில்லை. ஆனால் கண்மூடிப் பணம் கொட்டச் சொல்லவில்லை. திடல் அமைக்கும் ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை எழுதப்பட வேண்டும்: பத்து ஆண்டுகள் கழித்து ஆட்டக்காரர்களில் பாதிப்பேராவது சுற்றுவட்டாரத்தினராக இல்லை என்றால், அந்த 24 ஹெக்டரில் மறுபடியும் செம்பனைக் கன்று நடப்படும்.