தூண்டில் ஒன்று, முள் இரண்டு!

சூது புதிதன்று. நாட்டைப் பணயம் வைத்தவனையும் மனைவியைப் பணயம் வைத்தவனையும் தெருக்கூத்திலே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். புதிது எதுவென்றால், இரண்டு சூதுகளை ஒரே பையில் போட்டுத் தைத்து, அந்தப் பையை உழைப்பாளியின் செல்போனுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்ட தந்திரந்தான்! ஒன்று, கிரிக்கெட்டின் மீதும் கால்பந்தின் மீதும் பணம் கட்டும் பந்தயம். மற்றொன்று, எங்கோ வெளிநாட்டில் மேசை போட்டுச் சீட்டுக் கலைப்பதையும் சக்கரம் சுழற்றுவதையும் நேரலையாகக் காட்டிப் பணம் பறிக்கும் 'லைவ் கேசினோ'. இரண்டுக்கும் ஒரே கணக்கு, ஒரே பணப்பை.

"பந்தாட்டம் பிடித்தவன் அதிலே கட்டுகிறான், சீட்டாட்டம் பிடித்தவன் இதிலே கட்டுகிறான், இரண்டும் ஓரிடத்தில் கிடைத்தால் வசதிதானே!" என்கிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. யாருக்கு வசதி? அதைத்தான் கேட்கிறோம்.

இருபது ஓவர் ஆட்டம் முடிய ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகிறது. பந்தயம் கட்டியவன் அதுவரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பவன் யோசிப்பான். வீட்டு அரிசியை நினைப்பான். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நினைப்பான். "போதும்" என்று எழுந்துவிடவும் கூடும். அந்த யோசனைதான் சூது முதலாளிக்குப் பெரும்பகை! அந்த இடைவெளியை அடைக்கவே சக்கரத்தைச் சுழற்றுகிறான். தோற்றவன் விட்டதைப் பிடிக்க மேசைக்கு வருகிறான். வென்றவனோ, வென்ற பணம் வீட்டுக்கு வருமுன்பே அதை மேசையில் வைக்கிறான். 'போனஸ்' என்று கொஞ்சம் கொடுப்பார்கள். இத்தனை மடங்கு கட்டி ஆடினாலொழிய எடுக்க முடியாது என்ற நிபந்தனையும் அதனோடு வரும்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம், தோழர்களே. ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். முப்பத்தேழு பேர் ஆளுக்கு 100 ரூபாயை ஆளுக்கோர் எண்ணில் வைக்கட்டும். மேசையில் 3,700 ரூபாய். வென்றவனுக்கு 35 மடங்கும் அவன் வைத்த நூறும் சேர்த்து 3,600. மீதி 100 முதலாளிக்கு! எந்த எண் விழுந்தாலும் அவனுக்கு அந்த நூறு உண்டு. பந்தயத்திலும் இதே கதைதான். சமபலமுள்ள இரண்டு அணிகள். நூறு கட்டி வென்றால் 190 என்று வைத்துக்கொள்வோம். இருவர் எதிரெதிராகக் கட்டினால் உள்ளே போனது 200, வெளியே வந்தது 190. எந்த அணி தோற்றாலும் அவன் தோற்பதில்லை.

நூறு ரூபாய்ப் பந்தயம் கட்டியவன் அந்த மூன்றரை மணி நேரத்தில் சராசரியாக இழப்பது 5 ரூபாய். அவனே மேசைக்கும் வந்து, நிமிடத்துக்கொரு சுற்றாக நூறு நூறாய் வைத்தால், மணிக்கு 162 ரூபாய். ஆட்டம் முடிவதற்குள் 567 ரூபாய்! அதுவும் சராசரிதான், விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாக வைப்பவன் கதி என்ன? ஐந்து ரூபாய் இழக்க வந்தவனிடம் ஐந்நூறைப் பறிப்பதுதான் இந்தக் கூட்டு வியாபாரத்தின் உயிர்நாடி.

மேசைக்குப் பின்னால் சிரித்தபடி நிற்கும் பெண்ணும் கூலிக்கு நிற்பவளே. இத்தொழிலின் பெரிய நிறுவனமான எவல்யூஷனின் ஜார்ஜியா நாட்டு அரங்குகளில், 2024 ஜூலையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஊதிய உயர்வும் நல்ல பணிநிலைமையும் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சக்கரத்தைச் சுற்றுபவளும் பாட்டாளி. பணத்தைத் தோற்பவனும் பாட்டாளி. இலாபம் மட்டும் மூன்றாமவனுக்கு!

"இது திறமை ஆட்டம்" என்பது அவர்களுடைய கேடயம். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-இல் உச்சநீதிமன்றம் சொன்ன நாள் முதல் அந்தக் கேடயம் பளபளக்கிறது. தமிழ்நாடு 2020-இல் கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடையை 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, ஆளுநர் பல மாதம் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பியனுப்பினார். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் விலக்கிவிட்டுச் சட்டத்தை ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் இயற்றியது. ஆண்டுதோறும் 45 கோடிப் பேர் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று ஒன்றிய அரசே அப்போது மதிப்பிட்டது.

சட்டங்கள் உண்டு, சூது ஒழிந்ததா? 2003-இல் லாட்டரியைத் தடை செய்தபோது சீட்டுக் கடையைப் பூட்ட முடிந்தது. சட்டைப்பையிலுள்ள கடைக்கு எந்தப் பூட்டு? முதலாளி கடல் கடந்து உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் கிடைக்க வேண்டிய பணமோ, நம்மூர் ஏழைகளிடம் சில ஆயிரத்துக்கு வாடகைக்கு வாங்கிய வங்கிக் கணக்குகளின் வழியே போகிறது.

ஆகவேதான் கட்டுமாவடித் தோழர்களை நினைக்கிறோம். பட்டணத்து நோய்தானே என்று பாக் நீரிணைக் கரையில் இருப்பவர்கள் சும்மா இருந்துவிட முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகு கரையேறினால், படகில் போகிறவர் மட்டுமா கை கட்டி நிற்கிறார்? ஐஸ் உடைப்பவர், பெட்டி சுமப்பவர், வண்டி ஓட்டுபவர் எல்லாருக்கும் கூலி குறைகிறது. சரியாக அந்த நாட்களில்தான் ஐ.பி.எல். ஆட்டங்களும் களைகட்டுகின்றன! கையில் வேலை இல்லை. கையில் செல்போன் உண்டு. அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். நாளொன்றுக்கு 131 ரூபாய். மேசை ஒரு மணி நேரத்தில் விழுங்குவதை விடக் குறைவு!

கட்டுமாவடி மீன் ஏலத்திலும் கமிஷன் உண்டு. ஆனால் அங்கே மீன் இருக்கிறது, அதைப் பிடித்த உழைப்பு இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது? சூதில் வரும் வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கும் மீனுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். தூண்டில் போடத் தெரிந்த மக்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

அரசுகளுக்கு ஒன்று சொல்வோம். தமிழ்நாட்டுச் சட்டம் ஆடியவனுக்கும் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. ஒன்றியச் சட்டமோ ஆடியவனைத் தண்டிப்பதில்லை. ஏமாந்தவன் புகார் கொடுக்கவே அஞ்சினால் திருடனுக்குத்தான் கொண்டாட்டம். ஏமாந்து வந்தவனை அடைக்க மாட்டோம் என்று உறுதி கொடுங்கள்; பணம் போகும் பாதையைப் பிடியுங்கள்; தடைக்காலத்தில் மாற்று வேலை கொடுங்கள்!

தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. இந்தக் கணக்கை டீக்கடையில், படகுத்துறையில், ஏலக்கூடத்தில் போட்டுக் காட்டுங்கள். வங்கிப் பாஸ்புத்தகத்தை வாடகைக்குக் கொடுப்பவன் பிறர் குற்றத்துக்குத் தன் பெயரையே கொடுக்கிறான் என்று இளைஞர்களை எச்சரியுங்கள். பணம் பறிபோனவரை ஏளனம் செய்யாதீர்கள், உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வையுங்கள், கூடவே நில்லுங்கள். அவமானத்துக்கு அஞ்சி ஓர் உயிர் போவதை விடக் கொடிய தோல்வி நமக்கில்லை.

புயலுக்குப் பறிகொடுத்த படகை மீண்டும் கட்டியவர்கள் இக்கரை மக்கள். 2018 கஜாவிடம் தோற்காதவர்கள், ஒரு சக்கரத்திடம் தோற்பதா?