அருவியால் யாருக்கு ஆதாயம்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், விடுமுறை நாள்களில் நெய்வேலி நகரியத்திலிருந்து வேன்கள் மேற்கு நோக்கிப் புறப்படும். விருத்தாசலம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை. வெள்ளிமலைக்குச் செல்லும் வழியிலுள்ள பெரியார் அருவியில் குளித்துவிட்டு, நடக்கத் தெம்புள்ளவர்கள் காட்டுப் பாதையில் மேகம் அருவியையும் கண்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றும் ஊர்க்காரர்கள், நீர் விழுவதைக் காண மலையேறுகிறோம்.

பொருளியல் கற்பித்தவன் என்பதால் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. இந்தப் பயணத்தில் செலவாகும் பணம் எங்கே தங்குகிறது? வேன் வாடகை நெய்வேலியில், டீசல் விருத்தாசலத்தில், சாப்பாடு கள்ளக்குறிச்சியில். மலைக்குக் கிடைப்பது கொஞ்சம் தேனும் கடுக்காயும் விற்ற காசு. அத்துடன் நெகிழிப் புட்டிகளும் பாறையிடுக்கில் உடைந்து கிடக்கும் மதுப்புட்டிகளும். இன்பம் நமக்கு, அதன் செலவு அவர்களுக்கு. இதைப் 'புறவிளைவு' என்று வகுப்பில் சொல்லிக் கடந்துவிடுவோம். வெறுங்காலோடு ஓடையில் இறங்கும் மலைவாழ் சிறுவனுக்கு அது வெட்டுக்காயம்.

அம்மலை மக்களின் வரலாறும் நினைவுகூரத்தக்கது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் ஜாகிர்தார்களின் பிடியிலிருந்த கல்வராயன் மலை, 1976-இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்தின்கீழ் வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலையும் மருத்துவமும் வேண்டுமென்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்த இடத்தைத்தான் நாம் 'சுற்றுலாத்தலம்' என்கிறோம்.

மலையேற்றத்தில் அரசு பாடம் கற்றிருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் மாண்டனர். அதன்பின் விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களுடன் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் முன்பதிவு உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகச் செல்கின்றனர். கட்டணத்தில் ஒரு பகுதி அவர்களுக்கு வேலையாகத் திரும்புகிறது. ஆனால், அதைவிடப் பன்மடங்கு மக்கள் கூடும் சிற்றருவிகளுக்கு ஓர் எச்சரிக்கைப் பலகையே போதுமென்று இருந்துவிடுகிறோம். 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவனை அடித்துச் சென்றதை மறந்திருக்க மாட்டோம். அருவியடியில் வெயில் காயும்போதே மேலே பெய்த மழை வந்து சேர்ந்துவிடும்; கீழே நிற்பவருக்கு அது தெரியாது. மேலே வசிப்பவருக்குத் தெரியும்.

அவர்களையே காவலர்களாக்கலாம். வாகனத்துக்குக் கட்டணம் வாங்கி, அதைக் கிராம சபையின் கணக்கில் சேர்த்து, ஊதியமும் துப்புரவும் அதிலிருந்தே நடக்கட்டும். அருவிக்குக் கட்டணமா, ஏழைகள் எங்கே போவார்கள் என்பது நியாயமான எதிர்ப்பு. ஆள் கணக்கில் வாங்கினால்தான் அந்தச் சிக்கல். காருக்கும் வேனுக்கும் வாங்கி, அரசுப் பேருந்தில் வருவோரை விட்டுவிடலாம். நாளொன்றுக்கு இத்தனை வாகனம் என்ற வரம்பும் வேண்டும். இதை வரவேற்க மாட்டார்கள், நான் இருக்கும் தெருவிலேயே.

கல்வராயன் ஓடைகள் கோமுகி அணையில் சேர்ந்து, மணிமுக்தாற்றின் வழியே வெள்ளாற்றில் கலந்து நம் மாவட்ட வயல்களுக்கும் வருகின்றன. ஆகவே, இரு மாவட்ட நிர்வாகங்களும் அடுத்த பருவமழைக்கு முன் இதைப் பேசித் தீர்க்கலாம்.