தோற்காத அணிக்கு ஏன் கதவடைப்பு?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போலில் (நம்மட உதைபந்தாட்டம் இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது) சம்பியன் யாரென்பதைப் பல காலமாகப் பத்திரிகையாளர்களும் பயிற்றுநர்களும் வாக்குப் போட்டுத்தான் சொன்னார்கள். 2014இல் நான்கு அணிகளின் பிளேஓஃப் வந்தது. ஆனால் நான்கையும் தெரிவு செய்தது 13 பேர் கொண்ட குழு.

2023இல் புளோரிடா ஸ்டேட் 13 போட்டியிலும் வென்றது. முக்கிய வீரர், குவாட்டர்பேக், கால் முறிந்து கிடக்கிறார் என்று அவர்களை விட்டுவிட்டு, ஒரு தடவை தோற்ற அலபாமாவை எடுத்தார்கள்.

விடைத்தாள் திருத்துகிற எனக்கு இது செமிக்கவேயில்லை. எழுதியதற்குத்தான் புள்ளி. அடுத்த தவணை கோட்டை விடுவான் என்று இப்பவே வெட்டுவோமா?

2024இலிருந்து 12 அணிகள், ஐந்து கொன்ஃபரன்ஸ் சம்பியன்களுக்கு நேரடி இடம். நல்லது. மிச்ச ஏழுக்கும் விதியை முதல் போட்டிக்கு முந்தியே எழுதி ஒட்டட்டும்.